பதிவேட்டில் ஏறாத பொம்மை வீடு



சென்ற நவராத்திரியின்போது, பெங்களூரில் நாங்கள் இருக்கும் அபார்ட்மெண்டில் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு சின்னப் பெண் தன் அம்மாவுடன் வெற்றிலை பாக்குக்கு வந்தாள். பட்டுப் பாவாடை, கையில் சுண்டல் கிண்ணம். ஏழு படிகளையும் நிதானமாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "தாத்தா, இதுல நீங்களே பண்ணினது எது?"

தசாவதாரம் காஞ்சிபுரத்தில் வாங்கியது. கல்யாண செட் மயிலாப்பூரில் வாங்கியது. மர பொம்மைகள் சென்னபட்டணத்தில் வாங்கியவை. மரப்பாச்சி என் மாமியார் சீராகக் கொடுத்தது. கைகாட்ட ஒன்றுமில்லாமல் நின்றேன். எங்கள் அகத்திலேயே செய்தது ஒன்று இருந்தது, 2011ஆம் வருஷம் வரை. அதைப் பற்றியும், அந்த ஜாதிப் பொருட்களின் சரித்திரத்தைப் பற்றியும் நம் உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் சரித்திரம் படித்தவன் அல்ல. பி.எஸ்ஸி. பட்டதாரி. 1973இல் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்து, 2009இல் ஓய்வு பெற்றேன். பதிவேடு எழுதுவதும், பழைய கோப்புகளில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்வதும் என் வேலையில் பெரும் பகுதி. இந்தக் கட்டுரைக்கு அதுதான் என் தகுதி. அதுவே என் தவறும்கூட. பின்னால் சொல்கிறேன்.

சிற்றில் என்னும் வீடு

பொம்மை வீடு என்றதும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைக்கிறோம். தமிழில் அதற்குப் பெயரே தனியாக இருக்கிறது: சிற்றில், அதாவது சிறு வீடு. ஆற்று மணலிலும் தெருப் புழுதியிலும் சிறுமிகள் கட்டி விளையாடிய வீடு. அதில் மணலைச் சோறாக்கிச் சமைத்தால் அது சிறுசோறு. ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுவதும், கண்ணனிடம் எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவதாக அமைந்தது. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்ற பிரபந்த வகை தோன்றியபோது, ஆண் குழந்தைக்குரிய பத்துப் பருவங்களில் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்ற மூன்றும் இடம் பெற்றன. இப்படி விளையாட்டுச் சாமானைக் கொண்டே குழந்தையின் வயதைக் குறித்தார்கள் நம் முன்னோர்.

குழந்தைக்கு அலங்காரம் செய்து பார்ப்பதும் அப்படியே பழையது. பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துக்கொண்டு கண்ணனை நீராட அழைக்கிறார், காது குத்த அழைக்கிறார், பூச்சூட அழைக்கிறார். கோகுலாஷ்டமியன்று நம் அகத்துப் பிள்ளைக்கு மயிற்பீலி செருகுகிற தாய்மார்கள் ஆழ்வார் வழியில்தான் போகிறார்கள்.

சங்க நூலான பட்டினப்பாலையில் ஒரு காட்சி. காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள், காயப் போட்டிருக்கும் தானியத்தைத் தின்ன வரும் கோழியை விரட்டக் கனமான பொற்குழையைக் கழற்றி எறிகிறார்கள். அது கிடந்து, சிறுவர்கள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. ஊரின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவர், கூடவே ஒரு விளையாட்டு வண்டியையும் நமக்காகக் குறித்து வைத்துவிட்டார்.

சூத்ரகர் எழுதிய மிருச்சகடிகம் என்ற சமஸ்கிருத நாடகத்துக்குப் பெயரே மண் வண்டி. அடுத்த வீட்டுப் பிள்ளையின் தங்க வண்டியோடு விளையாடிய சாருதத்தனின் மகனுக்கு, அது போனபின் வேலைக்காரி மண்ணால் ஒரு வண்டி செய்து கொடுக்கிறாள். எனக்குத் தங்க வண்டிதான் வேண்டும் என்று பிள்ளை அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியில் நிரப்பி, இதைக் கொண்டு தங்க வண்டி செய்துகொள் என்கிறாள். வீட்டில் செய்த சாமானுக்கும் கடைச் சாமானுக்கும் உள்ள வழக்கு அன்றே ஆரம்பமாகிவிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹரப்பா, மொஹஞ்சதாரோ அகழ்வில் 4,000 வருஷங்களுக்கு மேற்பட்ட சுடுமண் பொம்மை வண்டிகள் கிடைத்திருக்கின்றன. சூளையில் வெந்த களிமண் மீண்டும் குழையாது. மண்ணுக்குள் எத்தனை காலமும் கிடக்கும். மணல் வீடு மறுநாளே போய்விடும். துணியும் காகிதமும் நம் சீதோஷ்ணத்தில், ஈரத்திலும் பூச்சியிலும், சில தலைமுறைக்கே தாங்குவதில்லை. ஆகவே குழந்தைகளுக்காகக் கையால் செய்த சாமான்களில் பெரும்பகுதி நம் கண்ணுக்கே வராமல் போயிற்று. செய்தவர்கள் பெண்கள், அவர்கள் பெயரையும் யாரும் குறித்து வைக்கவில்லை.

எரிந்த வீடும் எழுதிய பட்டியலும்

மேல்நாட்டில் நமக்குத் தெரிய வரும் பழைய பொம்மை வீடுகளில் முதன்மையானது ஜெர்மனியின் பவேரியா நாட்டுப் பிரபு ஐந்தாம் ஆல்பிரெக்ட் செய்வித்தது. 1558இல் முடிந்தது. அது மியூனிக் நகரில் இருந்தது. 1674இல் அரண்மனையில் நேர்ந்த தீ விபத்தில் எரிந்து சாம்பலாயிற்று என்கிறார்கள். ஆனால் அதற்குள் எத்தனை அறைகள், என்னென்ன சாமான்கள் என்று இன்றும் தெரியும். காரணம், 1598இல் ஃபிக்லர் என்ற அரசாங்க உத்தியோகஸ்தர் பிரபுவின் சேகரிப்புகள் அத்தனைக்கும் பட்டியல் எழுதினார். பொம்மை வீட்டையும் விடவில்லை. இதைப் படித்தபோது ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தன் என்ற முறையில் எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வெட்கமாகவும் இருந்தது.

நமக்கு நெருக்கமான இன்னொரு பொம்மை வீடும் உண்டு. புதுடில்லியை வடிவமைத்த லட்யென்ஸ் துரையே இங்கிலாந்து ராணி மேரிக்காக 1921 முதல் 1924 வரை ஒரு பொம்மை வீட்டைக் கட்டினார். அளவு 12க்கு 1. அதாவது நிஜ வீட்டில் ஒரு அடி என்றால் அங்கே ஒரு அங்குலம். குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், லிஃப்ட் ஓடும். நூலகத்துக்காகக் கானன் டாயில், கிப்ளிங் முதலான எழுத்தாளர்கள் சின்னஞ்சிறு புத்தகங்களைக் கொடுத்தார்கள். 1924இல் வெம்ப்ளி கண்காட்சியில் வைக்கப்பட்டது. இன்று வின்ட்ஸர் கோட்டையில் இருக்கிறது. அதற்கு ராஜகுடும்பமும் கோட்டையும் பட்டியலும் இருந்தன, பிழைத்தது.

நம் தேசத்திலும் இப்படிப் பாதுகாக்கப்பட்டவை உண்டு. 1897இல் பழைய மர அரண்மனை எரிந்தபின் 1912இல் கட்டி முடித்த மைசூர் அரண்மனையில், கொம்பெ தொட்டி என்று பொம்மைகளுக்கென்றே ஒரு மண்டபம் இருக்கிறது. டில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965இல் ஆரம்பித்த பொம்மை அருங்காட்சியகத்தில், நம் ஒவ்வொரு மாநிலத்து உடையையும் பொம்மைக்குத் தக்கபடி கையால் தைத்து உடுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கென்று கூடவே ஒரு தொழிற்கூடமும் வைத்தார் சங்கர். டில்லியில் உள்ள உறுப்பினர்கள் பேரக் குழந்தைகளை ஒரு முறை அழைத்துப் போகலாம்.

பெங்களூர் கொலு

1974இல் நான் பெங்களூருக்கு மாற்றலாகி வந்தபோது மல்லேஸ்வரத்தில் வாடகைக்குக் குடியேறினோம். காற்றோட்டமாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டு அமைத்த பேட்டைகள் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். இரண்டிலும் நம்மவர்களும் கன்னடக்காரர்களும் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருந்தோம். நாம் கொலு என்பதை அவர்கள் கொம்பெ ஹப்பா என்பார்கள். நமக்கு மரப்பாச்சி எப்படியோ, அவர்களுக்குப் பட்டத கொம்பெ என்ற ராஜா ராணி ஜோடி அப்படி. கல்யாணத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுப்பது. வருஷா வருஷம் பட்டுத் துண்டும் சரிகையும் வைத்துப் புதிதாக உடுத்துவார்கள். அடுத்த அகத்து மாமி கன்னடக்காரர். என் மனைவிக்கு அந்தத் தையலைக் கற்றுக்கொடுத்தவர் அவரே. பதிலுக்கு இவள் மரப்பாச்சிக்குப் பாசிமணி கோக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தாள்.

மைசூர் ரோட்டில் சுமார் 60 கிலோமீட்டரில் சென்னபட்டணம். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, அதன்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் பற்றிக்கொள்ளும். பிறகு தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு. நெருப்பும் தூரிகையும் இல்லாத இந்த வேலையை முதன்முதலில் பார்த்தபோது, கல்லூரியில் படித்த பௌதிகம் அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. 2005-06இல் இந்தப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே வாங்கிய அடுப்பு, உரல், குடம் எல்லாம் எங்கள் பொம்மை வீட்டுக்குள் குடியேறின.

தீப்பெட்டி பீரோ

அந்த வீட்டை என் மனைவி 1981இல் ஆரம்பித்தாள். எங்கள் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது. செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி இரண்டைப் படுக்கவைத்து ஒட்டினால் கூடமும் சமையல் உள்ளும். கழுவிய எக்ஸ்ரே ஃபிலிம் ஜன்னல் கண்ணாடி. ஆறு தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி, ஒவ்வொரு இழுப்பறைக்கும் ஒரு கடுகை வைத்துக் குமிழ் செய்தாள், அது பீரோ. ஐஸ்கிரீம் குச்சியில் ஊஞ்சல். தென்னை ஈர்க்கில் ஏணி. மருந்துப் புட்டியின் மூடி அண்டா. நகைக்கடையில் சுற்றிக் கொடுக்கும் ரோஸ் காகிதம் சுவருக்கு. ரவிக்கைத் துண்டில் மெத்தை, தலையணை. தலையணைக்குள் இலவம்பஞ்சுதான் வைப்பாள்; கடைப் பஞ்சு கனமாம்.

வருஷத்துக்கு ஒரு சாமான் சேரும். அளவைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு ஒரு நாள் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். கதவு, ஊஞ்சல், பீரோ எல்லாம் ஏறக்குறைய 12க்கு 1. லட்யென்ஸ் துரை அளவு! அவள் அதைக் கட்டை விரலின் கணுவை வைத்தே அளந்திருந்தாள்.

வீட்டுக்கு வெளியே பார்க் என் பொறுப்பு. மகாளய அமாவாசைக்கு நாலு நாள் முன்பே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு விதைப்பேன். முதல் வருஷம் படிக்கட்டுக்குக் கீழேயே வைத்துவிட்டேன். வெளிச்சம் போதாமல் முளைகள் வெளுத்து, நீண்டு, சாய்ந்து போயின. மறு வருஷம் பகலில் ஜன்னலோரம், சாயங்காலம் கொலுவில் என்று மாற்றி மாற்றி வைத்தேன். பச்சைப் பசேலென்று நின்றது. கிருஷ்ணராஜ சாகர் அணைக்கட்டை அட்டையில் செய்து, அதன் முன்னே பிருந்தாவனம். நீரூற்றுக்கு ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றும் ட்யூப், முனையில் பால்பாயிண்ட் பேனா முனை. புட்டியைத் திரைக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவேன். எவ்வளவு உயரத்தில் கட்டினாலும் நீரூற்று அந்த உயரத்துக்கு ஏறாது என்று குழந்தைகளுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், அவர்கள் சுண்டலுக்குப் போய்விடுவார்கள்.

மஞ்சள் பீதாம்பரம்

நவராத்திரி சாயங்காலங்களில் குழந்தைகளுக்கு வேஷம் போட்டு வீடு வீடாக அழைக்க அனுப்புவது அப்போது எங்கள் தெருவில் நடைமுறை. ஒரு நாள் ஆண்டாள், ஒரு நாள் குறத்தி, ஒரு நாள் பஞ்சுத் தலையோடு ஔவையார். வாடகைக்கு உடை எடுக்கும் பேச்சே கிடையாது. ஆண்டாளின் சாய்ந்த கொண்டை, கறுப்புக் குடைத் துணிக்குள் பழந்துணி அடைத்தது. கிரீடம், கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஜிகினாக் காகிதம் ஒட்டியது.

1985இல் கிருஷ்ணன் வேஷம். என் பழைய நாலு முழ வேஷ்டியைக் கிழித்து, மஞ்சள் கரைத்த வெந்நீரில் முக்கி எடுத்துப் பீதாம்பரம் செய்தாள் மனைவி. புறப்படும் நேரத்தில் குழந்தை அதன்மேல் காபியைக் கொட்டிக்கொண்டது. இவள் அவசரத்தில் துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் வேஷ்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தச் சிவப்பு! குழந்தை வீறிட்டு அழுதது. சோப்பில் காரத்தன்மை உண்டு, காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், ஆரத்தி கரைக்கும்போது சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பதும் இதனால்தான் என்று நான் ஆரம்பித்தேன்.

"உங்க பி.எஸ்ஸி.யை அப்புறம் வெச்சுக்கலாம். இப்போ வேற வேஷ்டி இருந்தா எடுத்துண்டு வாங்கோ" என்றாள்.

வேஷ்டிக்குப் பதில் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வந்து பிழிந்தேன். சிவப்பு போய் மஞ்சள் திரும்பிற்று. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தது. அந்த வீட்டில் என் படிப்பு உபயோகப்பட்ட நாட்களில் அது ஒன்று. கிருஷ்ணன் எலுமிச்சை வாசனையோடு தெருவுக்குப் புறப்பட்டார்.

நான் கழித்தது

2011இல் மல்லேஸ்வரம் வீட்டைக் காலி செய்து இந்த அபார்ட்மெண்டுக்கு வந்தோம். பெண் கல்யாணமாகி வெளிநாடு போயிருந்தாள். மூட்டை கட்டும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். ஆபீஸ் வழக்கப்படி பதிவேடு போட்டு, வரிசை எண், பொருள், எண்ணிக்கை, மதிப்பு என்று நாலு கட்டம் கோடு போட்டேன். கொலு பொம்மை 84 உருப்படிகள் பதிவாயின. பொம்மை வீடு வந்தபோது, மதிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஓரங்கள் நைந்திருந்தன, வெள்ளிப்பூச்சி வேறு. பழைய பேப்பர்காரனுக்குப் போகும் குவியலில் வைத்துவிட்டேன். மனைவியிடம் கேட்கவில்லை.

அந்த வருஷம் புது வீட்டில் படி கட்டினோம். எல்லா பொம்மைகளும் ஏறின. இவள் காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிறகு, "வீடு எங்கே?" என்று கேட்டாள். சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. சமையல் உள்ளுக்குப் போய்ச் சுண்டலுக்குத் தேங்காய் துருவ ஆரம்பித்தாள். 36 வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ மெமோ பார்த்திருக்கிறேன். அந்த மௌனம் போல் ஒன்று பார்த்ததில்லை.

கடையில் வாங்கிய 84க்கும் பில் உண்டு. உடைந்தால் மறுபடி வாங்கலாம். விலையில்லாத அந்த ஒன்றை மறுபடி யாராலும் தர முடியாது. மதிப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டாவது அதை எழுதியிருக்க வேண்டும். மியூனிக் உத்தியோகஸ்தர் 1598இல் எழுதினார். எனக்குத் தோன்றவில்லை.

இனிச் செய்ய வேண்டியது

மூன்றாம் மாடிக் குழந்தை கேட்ட மறுநாள், டிரங்குப் பெட்டியில் மரப்பாச்சியைச் சுற்றிவைக்கும் பழந்துணியைத் தற்செயலாகப் பிரித்தேன். ஒரு ஓரத்தில் மடித்துத் தைத்த நாடா இருந்தது. குழந்தை இடுப்பில் கட்டும் நாடா. 1985 பீதாம்பரம்! மஞ்சள் சாயம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். இருட்டில் கிடந்ததால் மடிப்புக்குள் இன்னும் இளமஞ்சளாக இருந்தது. பொம்மைக்குப் போர்வையாகிவிட்டதால் என் பதிவேட்டுக்குத் தப்பியிருக்கிறது. மனைவியிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்து, "எலுமிச்சை வாசனை போயிடுத்து" என்று சிரித்தாள்.

இப்போது அவளுக்குக் கை நடுக்கம். ஊசியில் நூல் கோக்க முடியாது. ஆகவே அவள் சொல்லச் சொல்ல, நானும் மூன்றாம் மாடிக் குழந்தையும் ஒரு வீடு செய்துவருகிறோம். பீரோ முடிந்தது. தீப்பெட்டிகள் சற்றுக் கோணல். கடுகு ஒட்ட எனக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. இது பழைய வீடு ஆகிவிட்டதா என்று கேட்டேன். "அது வேற, இது வேற" என்றாள். பிறகு, "ஊஞ்சலுக்குச் சங்கிலி வேணும். என் பழைய செயின்ல அறுந்த துண்டு இருக்கு, எடுத்துக்கோங்கோ" என்றாள்.

நம் சங்க உறுப்பினர்கள் மும்பை, டில்லி, கோவை, திருச்சி என்று பல ஊர்களில் இருக்கிறீர்கள். என் வேண்டுகோள் சிறியது. உங்கள் பரணில், டிரங்குப் பெட்டியில், குழந்தைகளுக்காக அம்மாவோ பாட்டியோ அத்தையோ கையால் செய்த சாமான் ஏதாவது இருக்கும். பொம்மைச் சட்டை, பாசிமணிச் செப்பு, அட்டைக் கிரீடம், எதுவானாலும் சரி. கழிப்பதற்கு முன் கேளுங்கள். அடியில் ஒரு காகிதத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்: செய்தவர் பெயர், ஊர், வருஷம், எந்தக் குழந்தைக்காக. பேனா மை ஈரத்தில் கரையும். பென்சில் கரி கரையாது. பூச்சிக்கு நாலு வேப்பிலையைக் காயவைத்துப் போடுங்கள். ஒரு போட்டோ எடுத்து, நாலு வரி எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.

புதிய பதிவேடு ஒன்று நான் ஆரம்பித்திருக்கிறேன். வரிசை எண் 1: மஞ்சள் பீதாம்பரம், வேஷ்டித் துணி, 1985, மல்லேஸ்வரம். செய்தவர் என்ற கட்டத்தில் என் மனைவியின் பெயர். மதிப்பு என்ற கட்டத்தை இந்த முறை போடவில்லை.